கப்பலில் ஊதிய சுரங்கச் சங்கு

நான் எடுத்த முதல் குறும்படத்தில் ஒரு திருட்டு இருக்கிறது. திருடியது எங்கள் வீட்டு பீரோவிலிருந்துதான், அதனால் போலீஸ் பயம் கிடையாது. நைனா பயம்தான்.

படம் ஒரு சரக்குக் கப்பலின் இஞ்சின் அறையில் வேலை செய்கிறவரைப் பற்றியது. மங்களூர்த் துறைமுகத்தில் மூன்று நாள் பழியாய்க் கிடந்து எடுத்தேன். கப்பல் புறப்படும்போது ஊதுகிற சத்தம் மட்டும் காற்றிரைச்சலில் நாசமாகிவிட்டது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அங்கே வேலை பார்த்த நைனா ஷிஃப்டுக்கு ஊதும் சங்கை டேப்ரிக்கார்டரில் பிடித்து வைத்திருந்தார். அந்த கேசட்டைக் கேட்காமல் எடுத்து, சத்தத்தைக் கொஞ்சம் கனமாக்கி, கப்பலுக்கு ஊதிவிட்டேன். அச்சு அசல் கப்பல்! என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடுகோடியில் ஒரு மாடி ஹாலில் கடல் படங்களுக்கென்று ஒரு மாலை ஏற்பாடாகியிருந்தது. சத்தம் உட்பட எல்லாம் கடலில் எடுத்ததாக இருக்கவேண்டும், பொய்யென்றால் படத்தைத் தூக்கிவிடுவோம் என்பது நிபந்தனை. கூசாமல் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்ட ஆள் வேண்டுமென்று, சுரங்கம் மூடியபின் நாங்கள் குடிவந்த ஒக்கலிபுரத்திலிருந்து நைனாவையும் அம்மாவையும், நைனாவோடு சுரங்கத்தில் இருந்த பக்கத்து வீட்டு மாமாக்கள் இரண்டு பேரையும் நானே கெஞ்சிக் கூட்டிவந்தேன். தவளை தன் வாயால் கெடும். நான் பஸ் ஏற்றி அழைத்துவந்து கெட்டேன்.

முதல் படம் மீன் விற்கும் பெண்களைப் பற்றியது. "இவ்ளோ மீனைக் காட்டிட்டு ஒரு துண்டு கூட கண்ல காட்டலியே" என்று அம்மா முணுமுணுத்தாள். இரண்டாவது, பழைய கலங்கரை விளக்கங்களின் வரலாறு. மாமாக்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். மூன்றாவது என்னுடையது. கப்பல் நகர்ந்தது, சங்கு ஊதியது.

இருட்டில் நாலு நாற்காலிகள் கிறீச்சிட்டன. நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தங்கவயலில் ஷிஃப்ட் நேரத்துக்குச் சங்கு ஊதினால் யாரும் தலைநிமிரக்கூட மாட்டார்கள். நேரம் தப்பி ஊதினால் கீழே விபத்து என்று அர்த்தம். பெண்கள் கொதிக்கிற உலையை அப்படியே போட்டுவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள், அவரவர் புருஷன் மேலே வருகிறவரை அங்கேயே நிற்பார்கள். அம்மா நைனாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அடிப்பாவி, எதை எடுத்து எங்கே ஒட்டியிருக்கிறாய் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"உக்காருங்க சார், மறைக்குது!" என்றது பின் வரிசை. உட்கார்ந்தார்கள். நைனா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். என் மார்க் ஷீட்டைப் பார்த்த அதே பார்வை.

விளக்கு போட்டதும் கேள்வி நேரம். ஏற்பாடு செய்த பெண் மைக்கை எடுத்தாள். "சக்கத்தா இருந்துச்சு! அந்த ஹாரன் எந்த ஷிப்பு? எப்படி ரெக்கார்ட் பண்ணீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா எழுந்தார். அரை டிக்கெட்டுக்காக என் வயதில் ஒரு மாசம்கூடக் குறைத்துச் சொல்லாத மனுஷன். தொலைந்தேன்.

"நான்தாம்மா ரெக்கார்ட் பண்ணேன்" என்றார். "பெரிய கப்பல். நாங்க மூணு பேரும் இருவத்தஞ்சு வருஷம் அதுலதான் வேலை செஞ்சோம்."

மாமாக்கள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார்கள்.

"இப்ப அந்த ஷிப்பு எங்க சார்?"

"முழுவிப் போச்சும்மா. உள்ள பூரா தண்ணி." மூடிய சுரங்கத்தில் நிஜமாகவே தண்ணீர்தான் நிற்கிறது. ஹால் மொத்தமும் அச்சச்சோ என்றது. என் படத்துக்கு அன்று விழுந்த கைதட்டலில் முக்கால்வாசி நைனாவுக்கு.

பஸ் ஸ்டாப்பில் என் காதருகே குனிந்தார். "கேசட்டு நாளைக்கு பீரோல இருக்கணும். புரிதா?" புரிந்தது. அம்மா இன்னும் அவர் மணிக்கட்டை விடவில்லை.

"விடுடீ, ஜனம் பாக்குது."

"பாக்கட்டும்."

மெஜஸ்டிக் போகும் பஸ்ஸில் அவரை இழுத்துக்கொண்டுபோய்ப் பெண்கள் சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். கண்டக்டர் வந்து, லேடீஸ் சீட்டு, எழுந்திருங்க என்றார். நைனா எழப்போனார். அம்மா பிடியை இறுக்கினாள்.

"இப்பதாம்ப்பா மேல வந்தாரு. உக்காரட்டும்."