ஐந்தாவது கம்பி

பந்தல்காரர்கள் நாற்காலிகளை இறக்கி முடிப்பதற்குள் அஜீஷ் மேடைக்கு அடியில் குனிந்து ப்ளக் பாயிண்டைத் தேட ஆரம்பித்துவிடுவான். சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். கல்யாண வீட்டார் சாயா குடிக்கக் கூப்பிட்டால், கூப்பிட்ட திசையைப் பார்க்காமலே கையை ஆட்டுவான். எர்த் இருக்கிறதா, எல்லா மெஷினும் ஒரே பாயிண்டிலிருந்து போகிறதா என்று பார்த்த பிறகு, கிட்டார் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையின் புறங்கையை மைக்கின் மேல் வைப்பான். சுருக்கென்று இழுத்தால் முதலிலிருந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இழுக்காவிட்டால் திரும்பி, "லிபி, வா பிள்ளே" என்பான். அந்த மைக்கில் உதடு வைத்துப் பாடப்போகிறவள் அவன் மனைவி.

கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேரைச் சோதித்துப் பார்ப்பது அவன் உத்தியோகம். ஆக ஆபீசிலும் அவனுக்கு டெஸ்டர் என்றுதான் பெயர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். இப்போது வீடு நேமத்தில். ஞாயிறு காலையில் சபையில் பாடகர் குழுவோடு பாஸ் கிட்டார், சனிக்கிழமைகளில் தெரிந்தவர்கள் வீட்டு ரிசப்ஷன். தொழிலாக வாசிக்கிறவன் இல்லை. ஆனால் ஆசைக்கு வாசிக்கிறவர்களுக்கு உள்ள அலட்சியமும் அவனிடம் இல்லை.

அவனைப் போன்றவர்கள் சேர்ந்து வாட்ஸாப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். பாங்க்காரர், மின்வாரிய எஞ்சினியர், பல் டாக்டர் மஹேஷ், எல்லாம் வயதுக்கு வந்து வெகுநாள் ஆன பிறகு பாஸ் கிட்டார் பித்துப் பிடித்தவர்கள். பைபாஸில் வண்டி நகராமல் நிற்கும் நேரமெல்லாம் அஜீஷின் குரல் அந்தக் குழுவில் வந்து விழும்.

"எடே, மொதல்ல நல்ல வீதியுள்ள, அகலமான ஸ்ட்ராப்பு வாங்கு. கிட்டாரு பெறவு வாங்கலாம். ஒரு வாழக்கொலய தோள்ல தூக்கிட்டு நிக்கப்போற, ஓர்ம வச்சுக்க. நேந்த ஸ்ட்ராப்புன்னா மறுநாள் மவுஸ் பிடிக்கக் கழியாது."

இன்னொரு நாள்: "மேல தகரம் போட்ட ஹாலுன்னா பாஸ் குமிழக் கூட்டாத. பூதம் மாதிரி முழங்கும், பாட்டு கேக்காது. நடு குமிழக் கூட்டு. அப்பம் ஒனக்க விரலு தெளிஞ்சு கேக்கும்."

பாட்டரி போடுகிற கிட்டார் என்றால் வாசித்து முடித்த கையோடு வயரை உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் கிடந்தே பாட்டரி தீர்ந்துபோகும். வயரை ஸ்ட்ராப்புக்குள் ஒரு சுற்று சுற்றிக் குத்த வேண்டும், யாராவது மிதித்தால் பிடுங்கிக்கொள்ளாது. டிரம்ஸ்காரரின் வலதுகாலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். பிரியாணி என்றால் வாசித்த பிறகுதான். மங்கிப்போன கம்பிகளைத் தூர எறியாமல் கழற்றி வெந்நீரில் கொதிக்கவிட்டால் அழுக்குப் போய் இன்னும் சில காலம் கணீரென்று பேசும். இந்தக் கடைசி யோசனையை அவன் லிபியின் புட்டுக்குடத்தில்தான் பரீட்சித்துப் பார்த்தான். வேகவைத்த கம்பிகள் துவைத்த துணிகளுக்கு நடுவே கொடியில் தொங்கின. "இண்ணைக்குப் புட்டுக்கு இரும்புச் சத்து கூடுதல், தின்னுக்கிடுங்க" என்று லிபி தட்டை வைத்தாளாம். அதையும் அவனே குழுவில் சொல்லிச் சிரித்தான்.

லிபி ஒரு லாபில் ரிசப்ஷனில் இருக்கிறாள். நாள் முழுக்க நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுகிற தொண்டை. ஆனால் பாட நின்றுவிட்டால் அது வேறு தொண்டை. சுருதிக்கு என்ன பெயர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அஜீஷின் சித்தி மகன் சுபின் கீபோர்டில் எடுத்துக் கொடுப்பான். அவள் அதை அப்படியே பிடித்துக்கொள்வாள்.

அந்தக் கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. விரல்கள் பழகிய இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். பட்டனை ஒருமுறை தட்டினால் பாட்டு மட்டும் அரைச் சுருதி இறங்கிவிடும். சபைப் பாட்டுக்கு வாசிக்கிற பாதிப் பேருக்கு இந்தப் பட்டனில்தான் பிழைப்பு. பாஸ் கிட்டாருக்கு அப்படி ஒரு பட்டன் கிடையாது. அவன் தட்டினால் இவன் கை மொத்தத்தையும் நகர்த்த வேண்டும். "அவனுக்கு விரலு நோவாம எல்லாம் நடக்கும். நான் இந்தா கெடந்து ஓடணும்" என்று அஜீஷ் வாய் ஓயாமல் குறைப்படுவான்.

போன மழைக்காலத்தில் லிபியின் குரல் மேலே போகிற இடத்தில் உடைந்தது. ஜலதோஷம் என்று நினைத்தார்கள். அது இல்லை. தொண்டையில் ஒரு நரம்பு தளர்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். பேச்சுக்குக் கேடு வராது, பாட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. தினமும் குரலுக்குப் பயிற்சி செய்ய வேண்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும். லிபி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன் அஜீஷ் சுபினைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"எடே, அர எறக்கு. ஒனக்க மைனிக்குத் தெரியண்டாம்."

சுபின் பட்டனைத் தட்டினான். பாட்டு முழுதாக வந்தது. எங்கும் உடையவில்லை. படியிறங்கி வந்த லிபியின் முகம் பூரித்திருந்தது. "டாக்டருக்கு என்ன தெரியும்? பழைய மாதிரியே வந்துல்லா?" என்றாள். "ஆமா" என்றான் அஜீஷ். எல்லாம் அந்த ஒரு ஆமாவில் தொடங்கியதுதான்.

பிறகு இன்னும் ஒரு அரை. கொஞ்ச நாள் கழித்து இன்னும் ஒன்று. பாடகர் குழுவின் ஆண்களுக்கு அடித்தொண்டை எட்டவில்லை. "இப்பம் நாங்க கெணத்துக்குள்ள எறங்கியில்லா பாடணும்" என்று முணுமுணுத்தார்கள். அஜீஷ் ஒவ்வொருவர் கையையும் பிடித்து விஷயத்தைச் சொன்னான். அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. ஆக, லிபியைத் தவிர சபையில் பாடுகிற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாலு கம்பி பாஸுக்கு ஒரு அடிமட்டம் உண்டு. சுருதி அதற்கும் கீழே போனால் பாஸ் ஒரு மாடி ஏறி நின்றுதான் வாசிக்க வேண்டும். பாட்டுக்குத் தரை இல்லாமல் போய்விடும். அதைச் சமாளிக்க ஐந்தாவதாக ஒரு தடித்த கம்பி உள்ள கிட்டார் வேண்டும். ஐந்து கம்பிக்காரர்களை அஜீஷ் விட்டுவைத்ததே இல்லை. "நாலு கம்பிய மரியாதைக்கு வாசிக்கத் தெரியாதவன் அஞ்சாவது கம்பி வாங்கி என்னத்துக்கு, துணி காயப்போடதுக்கா?" என்று அவன் போட்ட குரல்பதிவு குழுவில் பிரசித்தம். அப்படிப்பட்டவன் ஒரு நாள் தோளில் ஐந்து கம்பி கிட்டாரோடு வந்து நின்றான். குழு அவனைச் சும்மா விடுமா? "அஜீஷே, துணி எல்லாம் காஞ்சாச்சா?" என்று ஆரம்பித்தது பல் டாக்டர்தான். "காலம் மாறுதுல்லா ஓய்" என்று இவனும் சேர்ந்து சிரித்தான். சாயங்காலங்களில் அறைக்குள் உட்கார்ந்து அந்த அகலக் கழுத்துக்குக் கையைப் பழக்கினான். இடதுகைச் சுண்டுவிரல் வீங்கிப்போயிருந்தது. லிபி தைலம் தேய்த்துவிட்டாள்.

இதுவரைக்கும் செய்ததைப் பாசம் என்று சொல்லிவிடலாம். ஆனால் லிபி பயிற்சியை நிறுத்தினாள். "பாட்டுதான் நல்லா வருதே, பின்ன எதுக்குக் காலத்த எழும்பி ஊ ஊன்னு ஊளையிடணும்?" என்றாள். டாக்டரிடம் போவதையும் விட்டாள். பாவி அஜீஷ், அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அணைக்க அவனுக்குக் கை வரவில்லை.

கல்லாறில் ஆற்றங்கரை ரிசார்ட் ஒன்றில் ஆபீஸ் நண்பன் கல்யாண ரிசப்ஷன் வந்தது. சுபினுக்குக் காய்ச்சல். கீபோர்டை மட்டும் கொடுத்து அனுப்பினான். வாசிக்க வலியசாலையிலிருந்து சுமந்த் வந்தான்; அஜீஷோடு வேலை பார்க்கிறவன், முறையாகச் சங்கீதம் படித்தவன். அடுத்தவர் கீபோர்டில் உட்கார்ந்தால் முதல் காரியமாக அந்தப் பட்டனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது கீபோர்டுக்காரர்களின் ஒழுங்கு. சுமந்த் ஒழுங்கானவன். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டிய அஜீஷோ, அங்கே எர்த் சரியில்லை என்று சவுண்ட்காரர்களோடு சேர்ந்து ஆற்றங்கரை ஈர மண்ணில் இரும்புக் கம்பி அறைந்துகொண்டிருந்தான். லிபிக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்கிற ஒரே நினைப்பில் இது மறந்தேபோயிற்று.

சுமந்த் பழைய உயரத்தில் எடுத்தான். அஜீஷின் கை இறக்கிய இடத்துக்குப் போயிற்று. இரண்டும் மோதி அசிங்கமாக ஒரு சத்தம் எழும்பியது. அஜீஷுக்கு உடனே விளங்கிவிட்டது. கட்டைவிரலைக் கீழே காட்டிக் காட்டி ஜாடை செய்தான். அதற்குள் லிபி, வழக்கம்போலக் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்திருந்தாள். முதல் இரண்டு அடி வந்தது. மேலே போகிற அடியில் வாய் திறந்திருந்தது, வெறும் காற்றுதான் வந்தது. அவள் நின்றுவிட்டாள். கூட்டம் நல்ல கூட்டம். கை தட்டியது.

"அக்கா, ஸாரி. நான்தான் சுருதியை ஜீரோ பண்ணிட்டேன்" என்றான் சுமந்த், மெய்யான வருத்தத்தோடு. "நீங்க எப்பவும் இவ்ளோ எறக்கித்தான் பாடுவேளா? சுபின் சொல்லவே இல்லையே."

லிபி அவனைப் பார்க்கவில்லை. அஜீஷின் கழுத்தில் தொங்கிய கிட்டாரைப் பார்த்தாள்.

திரும்பி வருகிற வழியில் கார் விதுரையைத் தாண்டியதும் லிபி கேட்டாள்.

"அந்த அஞ்சாவது கம்பி இதுக்குத்தானா?"

"ம்."

"நான் டாக்டர்ட்ட போகாம இருந்தப்பளும் நீங்க ஒண்ணும் சொல்லல்ல."

"நீ சிரிச்சிட்டு எறங்கி வந்தியே பிள்ளே. அதக் கண்டப்பம் எனக்கு நாக்கு எழும்பல்ல."

"எனக்கத் தொண்ட போறது ஊருக்கெல்லாம் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. என்னா?"

இரண்டு பேரும் மறுபடி டாக்டரிடம் போனார்கள். இடையில் நிறுத்தாமல் வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று அஜீஷ்தான் கேட்டான். "சொல்ல முடியாது" என்றார் அவர். முடியாது என்றிருந்தால் அவன் தப்பித்திருப்பான். முடியும் என்றிருந்தால் வாய்விட்டு அழுதிருப்பான். இரண்டுக்கும் வழியில்லாத அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் இப்போது ஆபீசுக்குப் போய்வருகிறான்.

வெகுநாள் வாட்ஸாப் குழுவில் அவன் குரல் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர், மேடைக்குப் போகும் முன் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்ன என்று கேட்டிருந்தார். அதற்குத்தான் பதில் வந்தது. "பாடுகவங்கள ஏமாத்தாத. சுருதி எறக்கணும்னா மொகத்தப் பாத்துச் சொல்லு. வேற ஒண்ணும் இல்ல." குழுவில் வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. எல்லோரும் அதைத் தொழில் யோசனை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம், இனி முன்னால் நின்று பாடப்போவதில்லை என்று லிபி பாடகர் குழுவில் சொல்லிவிட்டாள். பண்டிகை அன்று மட்டும் நிற்பதாகச் சொன்னாள். காலையில் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் கோழியும் காணிக்கையாக ஏலத்துக்கு வந்து குவிந்துகொண்டிருந்தன. அவள் நேராகச் சுபினிடம் போனாள்.

"இண்ணைக்குப் பட்டனத் தொடாத. பழைய எடத்துல எடு."

"மைனி, எட்டாதே."

"எட்டாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ எடு."

சுபின் அஜீஷைப் பார்த்தான். அஜீஷ் தலையாட்டினான். அன்று அவன் கைக்கு ஐந்தாவது கம்பியில் வேலையே இல்லை.

பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு மேலே ஏறுகிற இடம் நெருங்கியபோது லிபி கட்டைவிரலால் தன் மைக்கின் ஸ்விட்சைக் கீழே தள்ளி அணைத்தாள். பெஞ்சுகளில் இருந்தவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, அந்த உயரத்தையே பாடினாள்.

அஜீஷ் சுண்டுவிரலால் தன் கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைத்தான். சத்தமில்லாத கம்பிகளின் மேல் விரல்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, ஒரு அடி முன்னால் வந்து, அவள் தோளருகே காதைச் சாய்த்துக்கொண்டான்.