சலவைக்கூடத்துக் கோயர்

அத்தையைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் என் தங்கை கேட்டாள்: "அத்தை அப்படி என்னத்தச் சாதிச்சுட்டாங்க?" எனக்குச் சுருக்கென்றது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் அத்தை. எத்தனை ஆயிரம் நோயாளிகள் அவள் மடித்துக் கொடுத்த விரிப்பில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள்! இது சாதனை இல்லையென்றால் வேறு எது சாதனை என்று எனக்குத் தெரியாது. தங்கைக்குத் தெரிந்தால் அவளே எழுதிக்கொள்ளட்டும்.

அத்தை அப்பாவுக்கு ஒன்பது வயது மூத்தவள். பெற்றவர்கள் இருவரும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயதுத் தம்பியைப் பத்தொன்பது வயது அக்கா வளர்த்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று தட்டிக்கழித்தாள். தம்பி ஒரு நிலைக்கு வந்தபோது பேச்சு வருவதே நின்றுபோயிருந்தது. அதைப் பற்றி அவள் குறைபட்டு நான் கேட்டதில்லை.

தம்பி வந்து சேர்ந்த நிலை, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபையின் பாடகர் குழுவை, அதாவது கோயரை, நடத்தும் கோயர் மாஸ்டர். அப்பாவின் காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். சுதி கால் இம்மி இறங்கினாலும் அவர் முகம் பல்வலிக்காரர் முகம்போல ஆகிவிடும். பாடும்போது யாராவது தோளை அசைத்தால் போதும், வீசிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிடுவார். "இது ஆலயம். டான்ஸ் ஹால் வேற தெருவுல இருக்கு" என்பார். சிரிக்கவும் பயமாக இருக்கும். அந்தக் கோயரில் கீழ்க்குரல் பாடும் ஆல்டோ வரிசைக்கு அத்தைதான் தூண். பதினெட்டு வருஷம், தம்பியின் கையைப் பார்த்து, மரம்போல நின்று பாடினாள்.

வேலையிடத்தில் அவள் வேறு ஆள். பள்ளி விடுமுறையில் நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். கதவைத் திறந்ததும் சோப்பு வாசனையோடு ஆவி முகத்தில் அடிக்கும். மூன்று பெரிய துவைக்கும் மெஷின்கள் வரிசையாக ஓடும். நடு மெஷினுக்கு ஏதோ ஒரு பாகம் தேய்ந்துபோய், தும்... த-தும் என்று ஒரு தள்ளாட்டம். உருளை இஸ்திரியிலிருந்து சுடச்சுட வெளியே வரும் விரிப்பின் நான்கு மூலையையும் இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டு, எதிரும் புதிருமாக வந்து சேர்ந்து, விலகி, மறுபடி சேர்ந்து மடிப்பார்கள். அங்கே மடிக்கும் வேலை பார்த்த ஆறு பெண்களுக்கும் அத்தைதான் தலைவி.

உருளை இஸ்திரியை ஓட்டியவரைக் கிட்டார்காரர் என்பார்கள். ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு துறைமுக ஊரில் பிறந்தவர்; இளவயதில் அங்கே நடன வாத்தியக் குழுவில் கிட்டார் வாசித்தவர். நம் பாஷையை நன்றாகவே பேசுவார். மரியாதைதான் கொஞ்சம் இடம் மாறிவிடும். மனிதர்களையெல்லாம் நீ என்பார், மெஷின்களை மட்டும் நீங்கள் என்பார். "நீங்கன்னு சொன்னாத்தான் அவரு ஓடுறாரு" என்பது அவர் சொன்ன காரணம்.

ஒருநாள் அத்தை மடித்துக்கொண்டே ஒரு துதிப்பாட்டை முணுமுணுத்தாள். கிட்டார்காரர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, உன் பாட்டு நல்லா இருக்கு. ஆனா உக்காந்துக்கிட்டே இருக்கு. எந்திரிக்கச் சொல்லு."

"துதிப்பாட்டு எந்திரிச்சு என்ன பண்ணும்?"

"எங்க ஊருல ஆடும். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வாசிச்ச அதே கிட்டாரத்தான் ஞாயித்துக்கிழமை சபையிலயும் வாசிப்போம். கடவுள் ஒரு தடவைகூட கோவிச்சுக்கிட்டதில்ல."

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கிட்டாரைக் கொண்டுவந்தார். நாலே நாலு சுரம் மேலே ஏறும், ஒரு வட்டம் அடித்துவிட்டு இறங்கும், மறுபடி ஏறும். அவ்வளவுதான். ஆனால் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார முடியாது. அத்தை அதன்மேல் தானே வார்த்தை போட்டாள். "என் பாரத்தை இறக்கிவச்சேன்" என்று அவள் ஒரு வரி கூப்பிட்டால், "லேசாச்சு, காலெல்லாம் லேசாச்சு" என்று ஆறு பெண்களும் பதில் கொடுப்பார்கள். விரிப்போடு முன்னே வரும்போது அவள் வரி, பின்னே போகும்போது இவர்கள் வரி. வேலையும் நடந்தது, ஜெபமும் நடந்தது.

பாட்டை ஒரு கேசட்டில் பதிந்தார்கள். சாயங்காலம் அத்தை வீட்டில் எல்லோரும் கூடிப் போட்டுக் கேட்டபோது அத்தை பதறிப்போனாள். "இதென்ன, யாரோ கதவை இடிக்கிற சத்தம்?"

"அத்தை, அது மெஷின்."

"எந்த மெஷின்?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்தில் நின்றிருந்த பெண்களும் முழித்தார்கள். வருஷக்கணக்கில் அந்தச் சத்தத்துக்குள்ளேயே நின்றவர்களின் காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. மெஷினை நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும் என்று ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. எல்லாம் வீணாய்ப்போச்சு என்று அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். கிட்டார்காரர் மட்டும் மறுபடி போடச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"அழிச்சிடாத அக்கா. இத்தனை நாளா நமக்குத் தாளம் போட்டது இவருதான்."

உண்மைதான். அந்த தும்... த-தும் மேலேதான் பாட்டு முழுக்க நின்றிருந்தது. அன்று நானும் தங்கையும் ஆடிய ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். சண்டைக்கு வந்தவர் பாட்டை இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனார்.

அத்தைக்கு ஒரு ஆசை பிறந்துவிட்டது. அதை என்னிடம்தான் முதலில் சொன்னாள்: "என் தம்பி கையசைக்க, நான் இதைச் சபையில ஒரு தடவை பாடணும். ஒரே ஒரு தடவை போதும்டி." வருஷாவருஷம் கோயர் ஞாயிறு என்று ஒன்று வரும், அன்று முழுக்கப் பாட்டுதான். அதற்கு இந்தப் பாட்டைக் கொடுக்கலாம் என்று கேசட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

அப்பா பாதிவரை கேட்டார். பிறகு எழுந்து நிறுத்தினார்.

"அக்கா, இது ஜெபமா, டான்ஸா?"

"ரெண்டும்தான்டா. சந்தோஷம் ரெண்டு வீட்டுலயா குடியிருக்கு?"

"நான் இருக்கிறவரைக்கும் இது ஆலயத்துக்குள்ள வராது."

"அப்ப உன் வரிசையில நானும் நிக்கல."

அடுத்த ஞாயிறு முதல் அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். எட்டு மாதம் இருவரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர்கூட அக்காவிடம் கேட்டுக் குடித்து வளர்ந்த மனிதர், ஆலய வாசலில் அவளைக் கண்டால் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போவார். எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் அம்மா. "அண்ணி ஒண்ணு சொல்றாங்க, இவரு ஒண்ணு சொல்றாரு, என்னைத் தபால்காரி ஆக்கிட்டீங்க" என்று புலம்பிக்கொண்டே இரண்டு வீட்டுக்கும் நடந்தாள்.

கோயர் ஞாயிறு மூன்று வாரத்தில் வந்துவிடும் என்ற நிலையில் ஆல்டோ வரிசை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அத்தை இல்லாமல் முடியாது என்று அப்பாவுக்குப் புரிந்தது. அவளைத் திரும்ப அழைக்கக் கிளம்பினார். தனியாகப் போக வெட்கமோ என்னவோ, என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அத்தை அங்கே வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது. அப்பா அந்தச் சலவைக்கூடத்துக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

ஆவியில் அவர் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அக்காவின் முன்கைகளில் பழைய சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன. வீட்டில் எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டிருப்பவள். அப்பா சொல்ல வந்ததை மறந்து நின்றார். அத்தையும் எங்களைப் பார்த்தாள். பார்க்காததுபோல மடித்துக்கொண்டே பாட்டைத் தொடர்ந்தாள். பெண்கள் பதில் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி சுதி இறங்கினாள்.

அப்பாவுக்கு அந்தப் பல்வலி வந்தது. ஒருமுறை பொறுத்தார், இரண்டுமுறை பொறுத்தார். மூன்றாம் முறை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "ஜன்னல் பக்கம் நிக்கிறவங்க! கீழ இறங்குறீங்க! மேல பிடிங்க, மேல!"

அத்தை திரும்பாமலே சொன்னாள்: "மாஸ்டர் சொல்றாருல்ல, ஏத்திப் பாடு."

அவள் ஏற்றினாள். உடனே அடுத்தவள் இறங்கினாள். அப்பா கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். பதில் வரியை இரண்டு குரலாகப் பிரித்தார், பென்சிலால் ஒவ்வொருத்தியையும் குத்துவதுபோல நீட்டிக் காட்டினார், நான்கு தடவை திரும்பப் பாடவைத்தார். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. கிளம்பும்போதுதான் தான் எதற்காக வந்தோம் என்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். முகத்தை இறுக்கிக்கொண்டார்.

"சபையில டிரம் கிடையாது. கிட்டார் மட்டும். யாரும் தோளை ஆட்டக் கூடாது."

"சரிங்க மாஸ்டர்" என்றாள் அத்தை. எட்டு மாதத்துக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

கோயர் ஞாயிறன்று ஆலயம் நிரம்பியிருந்தது. ஆறு பெண்களும் அத்தையும் முன்வரிசையில் நின்றார்கள். கிட்டார்காரர் மணிக்கட்டு வெளியே தெரியும் கோட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அப்பா மரமேடையில் ஏறிக் கையை உயர்த்தினார். அத்தை முதல் வரியைக் கூப்பிட்டாள், பெண்கள் பதில் சொன்னார்கள். மூன்றாவது வரியிலேயே பாட்டு தொய்ந்தது. மெஷின் இல்லாமல் அவர்கள் அந்தப் பாட்டை ஒருநாள்கூடப் பாடியதில்லை. சலவைக்கூடத்துக்கு வெளியே ஒருமுறை பாடிப் பார்ப்போம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. கிட்டார் ஒற்றையாக இழுத்துப் பார்த்தது, முடியவில்லை. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியைவிட மெதுவாக வந்தது. யாரோ இருமினார்கள். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. எட்டு மாதமாகக் காத்திருந்த அந்த ஒரே ஒரு தடவை கண்ணெதிரே படுத்துக்கொண்டிருந்தது.

அப்போது அப்பாவின் குதிகால் மரமேடையில் இறங்கியது. தும். அடுத்து இரண்டு. த-தும். பெண்கள் நிமிர்ந்தார்கள். தும்... த-தும். பாட்டு எழுந்துவிட்டது. குதிகால் போட்டால் முழங்கால் மடங்காமல் இருக்குமா? முழங்கால் மடங்கினால் இடுப்பு சும்மா இருக்குமா? கோயர் அவரைப் பார்த்து நிற்கிறது, அவர் முதுகு சபையைப் பார்த்து நிற்கிறது. அவ்வளவு பேரும் அந்த முதுகு ஆடுவதைப் பார்த்தோம். தோள் இரண்டும் மாறிமாறி ஏறி இறங்கின. முன்பெஞ்சில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். போதகரம்மா கைதட்ட ஆரம்பித்தார். பிறகு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஆனால் அத்தை பாடவில்லை. நடுவரியில் வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். அவள் வரியையும் சேர்த்துப் பெண்களே பாடி முடித்தார்கள்.

"தாளம் விழுந்துச்சு, தாங்கிப் பிடிச்சேன். நான் ஒண்ணும் ஆடல" என்று அப்பா அன்றைக்கே சொன்னார், சாகும்வரை அதையேதான் சொன்னார். அத்தையும் அவரை மறுத்துப் பேசியதில்லை. இப்போது இருவரும் இல்லை, வீட்டில் அந்த வாதத்துக்கும் ஆள் இல்லை.

ஆராதனை முடிந்ததும் அத்தையை வாசற்படியில் பிடித்தேன். "ஆசைப்பட்டது நடந்துச்சு, ஏன் அத்தை பாதியில நிறுத்திட்டீங்க?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்னதுல உங்க அப்பன் ஒரு இடத்துல நிக்க மாட்டான்டி. தகரத்துல மழை பெஞ்சாக்கூட ஆடுவான். அம்மா அப்பா போனதும், தாய் தகப்பன் இல்லாத பிள்ளை தறிகெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு, ஆடாத, அசையாதன்னு நான்தான் அவனை அடிச்சு உக்கார வச்சேன். பத்து வயசுப் பிள்ளை. முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் எந்திரிச்சான். பார்த்துக்கிட்டே நின்னுட்டேன், பாட மறந்துட்டேன்."