கட்டைவிரல் அளவு தூரம்

ரொறொன்ரோவில், வெக்ஸ்போர்ட் பக்கம் நாங்கள் இருந்த கட்டிடத்தில், உடுப்புத் தோய்க்கும் அறைச் சுவரில் ஐரோப்பாப் படம் ஒன்று தொங்கியது. அதில் சூரிச்சுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அழுக்கு. கட்டிடத்தைப் பார்த்துக்கொண்ட சுப்பரின்டென்டன் அம்மாவின் விரல் அது. நாங்கள் சுப்பரம்மா என்போம். சூரிச்சுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவ. என் முதல் மாரிக்குப் பனிச் சப்பாத்து தந்ததும் அவதான். செத்துப்போன புருஷனுடையது, எனக்குப் பெரிது, நுனியில் பேப்பர் அடைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தேன். சரி, அது வேறு கதை.

எண்பத்தேழில் மனைவி வருகிறாள். கொழும்பிலிருந்து சூரிச், அங்கிருந்து பிராங்பேர்ட், பிறகு ரொறொன்ரோ. புறப்படுமுன் போனில் கத்தினாள்.

“ஐயா எல்லாம் சொல்லித் தந்தவர். சூரிச்சிலை ஏறினவுடனை நல்லா நித்திரை கொள்ளட்டாம், பிராங்பேர்ட் வர ஒரு இரவு செல்லுமாம். முதல் நிக்கிற இடத்திலை இறங்கிப்போடாதை, அது அனுராதபுரம் மாதிரி நடுவிலை வாற ஸ்ரேசன் எண்டவர்.”

“ஓம் ஓம், மாமா சொன்னபடி செய்யும்” என்றேன். எங்கள் ஆட்களுக்குத் தூரம் என்றால் மெயில் ரயில்தான். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கே ஒரு இரவு வேண்டும். நாடு விட்டு நாடு போக அதைவிடக் குறையுமா?

மறுநாள் காலை உடுப்புத் தோய்க்கப் போன இடத்தில் இதைப் பெருமையாகச் சொன்னேன். சுப்பரம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் படத்தில் கட்டைவிரலை அழுத்தினா.

“இவ்வளவுதான் தூரம். ஒரு மணித்தியாலம்கூட இல்லை. கோப்பி குடித்து முடிக்குமுன் இறங்கிவிடும்.”

மனைவி அதற்குள் கொழும்பில் விமானம் ஏறிவிட்டாள். தகப்பன் சொல்லைத் தட்டாதவள் அவள். இறங்காமல் இருந்தாளென்றால் ரொறொன்ரோ விமானம் போய்விடும். விசாவும் அந்தக் கிழமையோடு முடிகிறது.

சுப்பரம்மா தன் வீட்டுப் போனில் பிராங்பேர்ட் விமான நிலையத்தைப் பிடித்தா. ஜெர்மன் பாஷையில் கெஞ்சினா, அதட்டினா. பிறகு போன் வாயைப் பொத்திக்கொண்டு, “தமிழில் என்ன சொன்னால் இறங்குவாள்?” என்று கேட்டா. அவளுடைய ஐயா கூப்பிடுகிற மாதிரியே சொல்லிக் கொடுத்தேன். அதைத் துண்டு துண்டாக உடைத்து அந்தப் பக்கத்துக்கு ஓதினா.

அங்கே என்ன நடந்ததென்று மனைவி வந்துதான் சொன்னாள். எல்லாரும் இறங்கின பிறகும் பெல்ட்டைக் கழற்றவில்லையாம். பணிப்பெண் கையைப் பிடித்து எழுப்ப, “இது அனுராதபுரம், நான் இறங்கமாட்டன்” என்று தமிழிலேயே சண்டை பிடித்தாளாம். அப்போது விமான நிலைய உடுப்போடு நரைத்த மீசைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்து, துண்டுத்தாளைப் பார்த்து வாசித்தாராம்: “பிள்... ளை, வந்... திட்... டுது. இறங்... கு.”

“வெள்ளைக்காரன் பிள்ளை எண்டு கூப்பிட்டால் இறங்காமல் என்னப்பா செய்யிறது?” என்றாள்.

சுப்பரம்மா ஒஷாவாவில் ஒரு முதியோர் இல்லத்தில் கண்ணை மூடினா. போகுமுன் தந்த படம் இப்போது ரொறொன்ரோவுக்கு வெளியே, விட்பியில் எங்கள் மகன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நெரிசலில் அங்கே போய்ச் சேர அந்த விமானப் பயணத்தைவிடக் கூட நேரம் செல்லும். நான் காரில் நித்திரையாகிவிடுவேன். நின்றதும் மனைவி தோளைத் தட்டுவாள்: “பிள்... ளை, வந்... திட்... டுது. இறங்... கு.”

உள்ளே போனதும், சப்பாத்துக் கழற்றுமுன், அந்த அழுக்கின் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். இன்றைக்கும் அவவின் விரல்தான் பெரிது.