நான்காவது மர ஆணி

எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. தொழுகை இல்லாத வேளையில் அது கரகரத்தால் மரக்காணத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். யாரோ போய்விட்டார்கள் என்று பொருள். 'ஜமாலுதீன்' என்று பெயர் வந்தது. பெண்கள் போனால் கணவன் பெயரைச் சொல்லி 'மனைவி' என்றுதான் அறிவிப்பார்கள்; அடுத்து அது வரும் என்று சாக்பீஸோடு நின்றேன். வரவில்லை. போனது ஜமாலேதான்.

அவன் மனைவி மெஹருன்னிசாவுக்கு இதய வால்வில் கோளாறு. பாண்டிச்சேரி டாக்டர் கையை விரித்து வெகுநாளாயிற்று. நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது அவருக்காக. ஒரே பெஞ்சில் என்னோடு உட்கார்ந்து படித்த ஜமாலை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. அவனை அறிந்தவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஜமால் ஷார்ஜாவில் ஒரு பெரிய மரப்பட்டறையில் ஸ்டோர் கீப்பர். காலையில் டோக்கன் வாங்கிக்கொண்டு தச்சர்களுக்குக் கருவிகளைக் கொடுப்பான். மாலையில் எண்ணித் திரும்ப வாங்கி அலமாரியில் வைப்பான். "அம்புட்டு சாமானையும் தொட்டிருக்கேன்டா, ஒண்ணுலயாவது ஒரு கட்டையைச் செதுக்கிப் பார்த்ததில்ல" என்பான். ஊர் திரும்பியதும் அந்த ஆசை வெறியாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டான். உளி, இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம் என்று வாங்கிக் குவித்தான். பாண்டிச்சேரிக்குப் பக்கத்தில் குயிலாப்பாளையத்தில் தங்கியிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அந்தச் செய்தி எப்படித்தான் அவன் காதுக்கு எட்டுமோ, என் பைக்கின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிடுவான். திரும்பி வரும்போது அவன் மடியில் ஒரு ஜெர்மன் இழைப்புளி, கைக்குழந்தை மாதிரி துண்டில் சுற்றியிருக்கும்.

எங்கள் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? உப்பளத்துப் பக்கமிருந்து அடிக்கும் காற்றில் ஜன்னல் கம்பியே உதிர்ந்துபோகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தால் அவனுக்கு அன்று முழுக்கக் கருவிகளுக்கு எண்ணெய் போடுகிற வேலைதான். ஒரு முக்காலிகூடச் செய்யவில்லை. மெஹருன்னிசா சிரிப்பார். "கடைக்காரருக்கு வியாபாரம் மட்டும் நடக்கலண்ணே" என்பார்.

சுனாமி வந்த அன்று பள்ளிவாசல் சந்தூக்கைக் குப்பத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சந்தூக்கு என்பது மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, சுமக்கும் நாலுகால் பெட்டி, ஊருக்கெல்லாம் பொது. அன்று அதில் யாரை ஏற்றினோம், என்ன சாமி கும்பிட்டவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. பெட்டி கடல் தண்ணீரில் ஊறி வந்தது. கழுவிக் காயவைத்தார்கள். உள்ளே இருந்த ஆணிகளை யார் பார்த்தார்கள்? அடுத்த மழைக்காலத்தில் ஜமாலின் பெரியப்பா இறந்தபோது, அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் வாசலில் இறக்கி வைத்ததும் ஒரு கால் மளுக்கென்று மடங்கிற்று. மையம் சரிந்தது. கீழே விழாமல் தாங்கியது ஜமாலின் தோள். துரு அவன் வெள்ளைச் சட்டையில் செம்மண் மாதிரி ஒட்டியிருந்தது.

அங்கேயே சொல்லிவிட்டான். "இரும்பே இல்லாம ஒரு சந்தூக்கு நான் செஞ்சி தரேன். மர ஆணிதான். இந்தக் காத்து அதை ஒண்ணும் பண்ணாது." பக்கத்தில் நின்ற இஸ்மாயில் பெரியவர் இருமிக்கொண்டே, "பாத்துப்பா, புது சந்தூக்கு செய்யறவன் வூட்டு ஆளுதான் மொதல்ல அதுல போவும்னு சொல்லுவாங்க" என்றார். அப்படியெல்லாம் நம்புவது பாவம் என்று தொழுகை நடத்தும் ஹஜ்ரத் அதட்டினார். ஜமாலும் தலையாட்டினான். அவன் முகம் மட்டும் மாறிவிட்டது.

பூவரசம் பலகை வந்தது. கை தேர்ந்தவன் மாதிரி அறுத்தான், இழைத்தான். பக்கப் பலகைகள் கச்சிதமாகப் பொருந்தின. நான்கு கால்களைப் பொருத்தி ஆணி அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அங்கே நின்றுவிட்டான். மெல்லிய உளி வேண்டும் என்றான், வாங்கினோம். கிளாம்ப் இல்லை என்றான், அதையும் வாங்கினோம். பிறகு கொட்டாப்புளி சரியில்லையாம். மர ஆணியை அடிக்கிற மரச்சுத்தி அது. அவனிடம் ஏற்கனவே இரண்டு இருந்தன. பாண்டிக்குப் போய் மூன்றாவதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது கீழ்புத்துப்பட்டு டீக்கடையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய், ஊரே கயிறு கட்டின பெட்டியில போயிட்டிருக்குது. நீ கடை கடையா ஏறி இறங்கற. என்னதான்டா உனக்கு?"

டம்ளரைக் கீழே வைத்தான். "அது முடிஞ்சிட்டா மெஹரு போயிடுவாடா. சாமான் ஒண்ணு கொறையிற வரைக்கும் அவ இருப்பா."

நான் கணக்கு வாத்தியார். இதற்கும் அதற்கும் என்னடா சம்பந்தம் என்று வாதம் செய்திருக்க வேண்டும். அவன் கண்ணைப் பார்த்தபிறகு டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு பைக்கை எடுத்தேன்.

அதற்குப்பின் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிக்க ஆரம்பித்தான். இன்னொருவர் வீட்டில் சாவு விழுந்தால் அன்றே பெட்டியை முடித்து முதலில் அவரை ஏற்றிவிடலாம், தன் வீடு தப்பித்துவிடும் என்று ஒரு கணக்கு. இஸ்மாயில் பெரியவர் நெஞ்சுச்சளியில் படுத்தபோது தினமும் பழத்தோடு போய்ப் பார்த்தான். "அவரு மொகம் சரியில்லடா" என்று என்னிடம் சொல்லும்போது அந்தக் குரலில் இருந்தது கவலையா, வேறொன்றா? அவனே பயந்துபோய், "அஸ்தக்ஃபிருல்லாஹ், என்ன ஆளாயிட்டேன் பாரு" என்று தலையில் அடித்துக்கொண்டான். பெரியவர் எழுந்து நடமாடத் தொடங்கினார்.

கோடையில் ஒருநாள் கொட்டகைக்குப் போனேன். வெளியே உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன, உள்ளே இருட்டு. மூன்று கால்களுக்கு ஆணி இறங்கியிருந்தது. சந்தூக்கினுள் ஜமால் மல்லாந்து படுத்திருந்தான், கைகள் இரண்டும் பக்கவாட்டில்.

"எந்திரிடா, சனியனே!"

எழுந்து உட்கார்ந்து சிரித்தான். அவ்வளவு நிம்மதியாக அவன் சிரித்து நான் பார்த்து வெகுகாலம். "மொதல்ல போற ஆளு நம்ம வூட்டு ஆளுதானே? சரி, நானே மொதல்ல படுத்துட்டேன். முடிஞ்சிபோச்சி. இனி அடிச்சிடலாம்."

மிச்சமிருந்த ஒரு ஆணியை அடிப்பதற்குள், சில நாள்களில், காலைப் பசியாறிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

பழைய சந்தூக்கையே கயிறு கட்டிக் கொண்டுவரலாம் என்று வாசலில் பேச்சு நடந்தது. திரைக்குப் பின்னாலிருந்து மெஹருன்னிசாவின் குரல் வந்தது. "அவரு செஞ்சதுலதான் போவணும். சேகர் அண்ணே, மிச்சத்தை நீங்க அடிங்க." கொட்டகைக்குள் போனேன். எண்ணெய்த் துணியில் சுற்றிய கருவிகள் சுவர் முழுக்க அடுக்கியிருந்தன; பாதிக்குமேல் பிரிக்கப்படவே இல்லை. அவன் செதுக்கி வைத்திருந்த நான்காவது ஆணியைப் பொருத்தி, கைக்கு அகப்பட்ட கொட்டாப்புளியால் அடித்தேன். நாலைந்து அடியில் இறங்கிவிட்டது. இவ்வளவுதானாடா, இதற்கா இத்தனை கடை ஏறினோம் என்று அங்கேயே அழுதேன். வெளியே இஸ்மாயில் பெரியவர் தடியூன்றி நின்றிருந்தார். தூக்கும்போது முதல் தோள் கொடுத்தவர் அவர்தான்.

கணவனை இழந்தவர் வெளியே வராமல் இருக்கும் இத்தா நாட்கள் முடிந்தபின் மெஹருன்னிசா ஆளனுப்பி அழைத்தார். இளைத்திருந்தார், ஆனால் எழுந்து நடமாடினார், டீ போட்டுக் கொடுத்தார். கருவிகளை என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அவரு அந்த சந்தூக்குல படுத்துப் பாத்தாரே, உங்ககிட்ட சொன்னாரா?"

அவருக்குத் தெரியக்கூடாது என்றுதான் இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன்.

"ஜன்னல் வழியா பாத்தேன். எதுக்குப் படுத்தாருன்னும் தெரியும்." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கு மொத நாளே அவரு கடைக்குப் போயிருந்தப்ப நான் படுத்துட்டேன்ண்ணே. போறவ நான்தானே, அவருக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு. மொதல்ல படுத்தது நான். அல்லாஹ் கூப்பிட்டது அவரை. படுக்கறதுல ஒண்ணுமே இல்லன்னு அவருகிட்ட சொல்லியிருந்தா, அந்தப் பயமாவது இல்லாம போயிருப்பாருல்ல?"

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது: படுத்து எழுந்தபின் அவன் முகத்தில் பயம் இல்லை, தங்கச்சி. நான் பார்த்தேன். பயமில்லாமல்தான் போனான்.

கருவிகளை யாருக்குக் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. கொட்டாப்புளியை மட்டும் என்னிடம் கொடுத்தார். வெறும் மரம், எண்ணெய் போட வேண்டியதில்லை. என் மேசைமேல் இருக்கிறது. அவனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது அதுவும், கொட்டகை இருட்டில் கேட்ட அந்தச் சிரிப்பும்தான். ஒலிபெருக்கி கரகரக்கும்போதெல்லாம் இப்போதும் சாக்பீஸோடு நின்றுவிடுகிறேன். அவன் பெயருக்குப் பின்னால் 'மனைவி' என்று இன்றுவரை வரவில்லை.