இரண்டு குட்டு

இரத்தினவேல் என்ன வேலை செய்கிறார் என்று அவருடைய சொந்தக்காரர் எவருக்கும் ஒழுங்காகத் தெரியாது. அவர் ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உள்ள சின்ன அணு உலையை இயக்குகிறவர். மின்சாரம் எடுக்கிற உலை அல்ல, ஆராய்ச்சிக்கானது. ஆழமான தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு வாளி அளவில் கிடக்கும். மாணவர்கள் கொண்டுவருகிற கல்லையும் மண்ணையும் மீன் செதிலையும் கொஞ்ச நேரம் அதற்குள் விட்டு எடுத்தால், அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். கலியாண வீடுகளில் இதைச் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவர் முதல் வேலையாகத் தன் கதிரையைப் பின்னுக்கு இழுப்பார். அதனால் "யூனிவேர்சிற்றியில மெயின்ரனன்ஸ்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்கப் பழகிக்கொண்டார்.

வயது ஐம்பத்தெட்டு. வந்த புதிதில் மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளுக்கு ஈயம் வைத்தார், பிறகு கல்லூரியில் இலத்திரனியல் படித்தார், பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்துக்கு விண்ணப்பித்து இந்த உலையடிக்கு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருடமாயிற்று. தாளில் எழுதியிருந்தால் செய்வார், எழுதாததைச் செய்யமாட்டார். றைஸ் குக்கரோடு வந்த புத்தகத்தைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்த மனிதர். உலை இயக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான ஆளை வலை போட்டுத் தேடினாலும் பிடிக்க முடியாது.

காலையில் உலையைத் தொடங்குவதற்கு முப்பத்தொரு படிகள். அவற்றுள் முக்கியமானது, தொட்டிக்கு மேலே சுவரில் இருக்கிற மீற்றரைச் சோதிப்பது. வட்டமான கண்ணாடி, அதற்குள் ஒரு முள். கதிர்வீச்சு கூடினால் முள் ஏறும். சிவப்புக் கோட்டைத் தொட்டால் அலாரம் அடிக்கும், ஆட்கள் வெளியே ஓடவேண்டும். சட்டைப் பொத்தான் அளவிலான, லேசாகக் கதிர்வீசுகிற ஒரு சோதனை வில்லையை அதன் கண்ணுக்கு முன்னால் பிடித்து, முள் ஏறி அலாரம் அடிக்கிறதா என்று தினமும் பார்த்து எழுதவேண்டும். இரத்தினவேல் அதற்கு முன்னால் இன்னுமொன்று செய்வார். விரல் முட்டியால் மீற்றரின் கண்ணாடியில் இரண்டு தரம் தட்டுவார். அது முப்பத்தொன்றில் இல்லை.

தாளில் இல்லாததைச் செய்யாதவர் இதை மட்டும் எப்படிச் செய்தார் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. அவருக்கு முன் அந்த வேலையில் இருந்தவர் மாக்கஸ். கழுத்தில் மரச் சிலுவை போட்ட, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். பொறுப்பைக் கையளித்த அந்த ஒரு கிழமையும், ஒவ்வொரு காலையும் மாக்கஸ் மீற்றரில் இரண்டு தட்டுத் தட்டினார். இரத்தினவேலுக்கு உடனே விளங்கிவிட்டது. நாம் எந்தக் காரியத்தைத் தொடங்குமுன்னும் பிள்ளையாரை நினைத்து நெற்றியில் இரண்டு குட்டுக் குட்டுகிறோம், இவர்களுக்கும் அப்படி ஏதோ இருக்கிறது என்று. இன்னொருவருடைய கும்பிட்டை ஏன் எதற்கு என்று கேட்பது மரியாதை இல்லை, ஆகவே கேட்கவில்லை. மாக்கஸ் போன பிறகு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தானும் குட்டினார். எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறவனைப்போல ஆபத்தானவன் உலகத்தில் இல்லை.

போன வருடம் பாதுகாப்புக் கருவிகளை மாற்றுவதென்று பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. முள் வைத்த மீற்றர்கள் இரண்டு, இரண்டுக்கும் நாற்பது வயது. வாசலில் இருப்பதை அந்த வருடமே கழற்றி டிஜிட்டல் திரை பூட்டுவது, தொட்டிக்கு மேலே இருப்பதை இன்னுமொரு வருடம் விட்டுவைப்பது என்று திட்டம். அனுமதி கேட்டு அரசாங்கத்தின் அணு மேற்பார்வை அலுவலகத்துக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு வரி இருந்தது: தொட்டி மீற்றர் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காலைச் சோதனையிலும் தவறவில்லை. ஆதாரம், இரத்தினவேல் தன் கைப்பட எழுதிய பதிவேடுகள். அந்த வரியை வாசித்தபோது அவருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அலுவலகம் பதிலுக்கு நூற்று நாற்பத்தாறு கேள்விகள் அனுப்பியது. தொண்ணூற்றேழாவது கேள்வி இயக்குநருக்கு, அதாவது உலையை இயக்குகிற இரத்தினவேலுக்கு. தொடங்கும்போது கையால் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதவும், சிறியதென்று எதையும் விடவேண்டாம் என்றிருந்தது. முப்பத்தொன்றையும் எழுதினார். அதோடு பேனை நின்றுவிட்டது.

தட்டுவது ஒரு செயலா? சாமிக்கு என்று எழுதினால் சிரிப்பார்கள். முள்ளுக்கு என்று எழுதினால், அனுமதியில்லாமல் இருபத்திரண்டு வருடம் பாதுகாப்புக் கருவியில் கைவைத்தவர் ஆகிவிடுவார், லைசென்ஸ் போகும். ரொறன்ரோவில் இரண்டாவது உலை இல்லை. இந்த வயதில் பிறம்ரனில் களஞ்சியத்துக்குப் போய்ப் பெட்டி அடுக்கவேண்டியதுதான். அதைவிடப் பெரிய சிக்கல், எது உண்மை என்று அவருக்கே தெரியாது. சாமிக்கா, முள்ளுக்கா?

ஹலிஃபக்ஸில் இருந்த மாக்கஸுக்குத் தொலைபேசி எடுத்தார். மாக்கஸ், தனக்கு முன்னால் இருந்த றோய் அப்படித் தட்டுவான், அவனுக்கு ஏதோ சகுன நம்பிக்கை என்று நினைத்துத் தானும் தட்டியதாகச் சொன்னார். றோயைக் கேட்கலாமா என்றால், அவர் செத்துப் பதினைந்து வருடம். இரத்தினவேல் போனை வைத்துவிட்டு, எடுத்தபோது இருந்ததைவிடக் கூடக் குழம்பிப்போய் இருந்தார்.

ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் இருந்த வீட்டுக் குசினியில் அவருடைய மனைவி மங்கையற்கரசி லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். புருசன் சொன்னதை முழுதும் கேட்டாள்.

"நுணலும் தன் வாயால கெடும். பேசாம இருங்கோ. கும்பிட்டதை எல்லாம் ஆரும் ஃபோமில எழுதுவினமே?" என்றாள். கொஞ்சம் கழித்துக் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனப்பா, நீங்கள் தட்டாம ஒருநாளும் பாக்கேல்லையே?"

பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காலைகூடப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் பார்ப்பதென்று போனார். கை தன்பாட்டில் தட்டிவிட்டது. மறுநாள் கையைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றக் கையால் வில்லையைப் பிடித்தார். முள் ஒழுங்காக ஏறியது, அலாரம் அடித்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று நெஞ்சு லேசானது. முப்பத்தொன்றோடு படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். கொடுத்த பிறகு, ஒரு நாள் பார்த்தது போதுமா என்று படிவத்தின் நகலை எடுத்து மறுபடி மறுபடி வாசித்தார். இது அவருடைய குணம், மருந்து இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு அந்த அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தாள். பெயர் றீமா. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழ் பேசுகிற இலங்கை முஸ்லிம் குடும்பம். அறிமுகத்தில் ஒருதரம் தமிழில் சுகம் விசாரித்தாள், பிறகு எல்லாம் ஆங்கிலம். உலைக்குப் பொறுப்பான பேராசிரியர் பக்கத்தில் நிற்க, இரத்தினவேல் முப்பத்தொரு படிகளையும் செய்து காட்டவேண்டும். பதின்மூன்றாவது படியில் மீற்றர். டொக், டொக். கை அவரைக் கேட்கவில்லை.

றீமா எழுதுவதை நிறுத்தினாள். பேராசிரியர் முந்திக்கொண்டார். அது சும்மா ஒரு பழக்கம், நல்ல காலத்துக்கு மரத்தில் தட்டுவதைப்போல என்று சிரித்தார். அதோடு விட்டிருந்தால் முடிந்திருக்கும். அவள் எழுதப்போகும்போதுதான் பேராசிரியருடைய போன் அடித்தது, எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"அங்கிள், அத என்னத்துக்குத் தட்டினீங்க? முப்பத்தொரு ஸ்டெப்பிலயும் அது இல்லையே," என்று றீமா தமிழுக்கு மாறி மெதுவாகக் கேட்டாள்.

பழக்கம் என்று சொல்லலாம். பேராசிரியரே சொல்லிக் கொடுத்துவிட்டார். இரத்தினவேல் வாயைத் திறந்தார்.

"தெரியாது, பிள்ளை. இருபத்திரண்டு வருசமாத் தட்டுறன். ஏனெண்டு எனக்குத் தெரியாது."

பிள்ளையாரையும் மாக்கஸையும் றோயையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. தட்டாமல் எத்தனை தரம் பார்த்தீர்கள் என்று கேட்டாள், ஒரு தரம் என்றார். உலையைத் தொடங்கவேண்டாம், பத்துக் காலை தட்டாமல் சோதிப்போம் என்றாள். ஒரே நாளில் பத்துத் தரம் செய்தால் சரிவராது, இரவு முழுதும் அசையாமல் கிடந்த முள் காலையில் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி என்று விளங்கப்படுத்தினாள்.

முதல் நாள் ஏறியது. இரண்டாம் நாளும் ஏறியது. இரத்தினவேல் வலக்கையில் சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடக்கையால் வேலை செய்தார். வீட்டில் மங்கையற்கரசி தேங்காய் உடைக்கக் கோயிலுக்கு வெளிக்கிட்டவள், என்னவென்று நேர்வது என்று கேட்டாள். முள் ஏறினால், கண்ணாடியைக் கும்பிட்ட முட்டாள், ஆனால் லைசென்ஸ் தப்பும். ஏறாவிட்டால், அறியாமலே இருபத்திரண்டு வருடம் உலையைக் காத்தவர், ஆனால் குற்றவாளி. எதை வேண்டுவது? பொதுவாக உடை என்றார்.

எட்டாம் நாள் காலை வில்லையைப் பிடித்தார். முள் கிடந்த இடத்தில் கிடந்தது. அலாரம் இல்லை. றீமா மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணினாள்.

"இப்பத் தட்டுங்க, அங்கிள்."

பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டில் முள் துள்ளி எழுந்து சிவப்புக் கோட்டில் போய் இடித்தது. அறை முழுதும் அலாரம் அலறியது.

ஒரு கணம் அவருக்கு வெற்றிதான். பிறகு அடுத்த எண்ணம் வந்தது. காலையில் ஏழு மணிக்குத் தட்டுவார், சரி. எட்டிலிருந்து நாலு மணிவரை, முள் அசையாமல் கிடந்த அத்தனை மணித்தியாலங்களிலும், யார் தட்டினார்கள்? மாணவர்கள் தொட்டியைச் சுற்றி நின்று கதைத்துச் சிரித்த ஐயாயிரம் நாட்கள். அவற்றில் எத்தனை நாள் அந்த முள் இறுகிப்போய்க் கிடந்தது என்று றோய்க்கும் தெரியாது, பிள்ளையாருக்குத்தான் தெரியும். கையை எட்டி அலாரத்தை நிறுத்தினார்.

இரண்டு மீற்றர்களையும் உடனே மாற்றவேண்டும், அதுவரை உலை மூடியிருக்கவேண்டும் என்று முடிவு வந்தது. இரத்தினவேலின் லைசென்ஸை நிறுத்திவைத்து, புதிய கருவிகளில் மறுபடி சோதனை எழுதச் சொன்னார்கள். அறிக்கையில் அவரைப் பற்றி இரண்டு வசனங்கள். ஒன்றில், எழுதப்படாத செயலால் ஒரு பழுது நீண்டகாலம் மறைந்திருந்தது என்றிருந்தது. மற்றதில், இயக்குநர் தாமாகச் சொல்லியிராவிட்டால் அந்தப் பழுது தெரியவந்திருக்காது என்றிருந்தது. இரண்டையும் மாறி மாறி வாசித்தார். இது பாராட்டா திட்டா என்று மங்கையற்கரசியிடம் கேட்டார். கடிதத்தை மடித்து வையுங்கோ, சாப்பாடு ஆறுது என்றாள்.

ஐந்து மாதம் கழித்து, சோதனையில் பாஸாகி, லைசென்ஸோடு திரும்பி வந்த முதல் காலை. தொட்டிக்கு மேலே முள் இல்லை, கண்ணாடி இல்லை. கறுப்புத் திரையில் பச்சை இலக்கங்கள். புதிய நடைமுறைத் தாளின் பதின்மூன்றாவது படியில், திரையைத் தொடக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அது யாருக்காக எழுதப்பட்டது என்று அவருக்குத் தெரியும்.

கை எழும்பிவிட்டது. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முட்டி மடங்கி நின்றது. கீழே இறக்கவும் மனம் வரவில்லை. அப்படியே திருப்பிக்கொண்டு வந்து தன்னுடைய நெற்றியில் இரண்டு தரம் குட்டினார், கொஞ்சம் நோகத்தான் குட்டினார்.

வில்லையைப் பிடித்தார். இலக்கம் ஏறியது, அலாரம் அடித்தது. முப்பத்தொரு படிகளையும் முடித்துப் பதிவேட்டில் எழுதினார். மூடப்போன புத்தகத்தைத் திறந்து, அடியில் இன்னுமொரு வரி சேர்த்தார்: "தலையில் இரண்டு தரம் குட்டினேன். காரணம் தெரியாது." நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தார்.