ஞாயிற்றுக்கிழமை மிதித்த சைக்கிள்

“பல்லு வெளக்கவே சீவனில்லாத புள்ளயப் போயி சைக்கிள் மிதிக்கச் சொல்றீங்களே, இது என்னங்க நாயம்?” என்று அம்மா கேட்டார். பிசியோதெரபி பார்க்கும் பெண்மணி கோபப்படவில்லை. எனக்கும் தூக்கிவாரித்தான் போட்டது.

அக்காவுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று உறுதியாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடுகிற நோய். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான்தான் என்பதால், ரிப்போர்ட்டுகளை என் கையில்தான் கொடுப்பார்கள். அவற்றைப் படித்து அம்மாவுக்குத் தமிழில் சொல்வதும் நான்தான்.

அக்கா பனியன் கம்பெனியில் துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். அவளை அதிகம் வதைத்தது களைப்பு. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. மதியத்துக்கு மேல் துணி கையை விட்டு நழுவும். “ராத்திரியெல்லாம் பேய் ஓட்டப் போறியாக்கும்?” என்று பக்கத்து மெஷின்காரி கேலி செய்வாளாம். இப்படியே போனால் மெஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சூப்பர்வைசரும் சொல்லிவிட்டார். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலையில் சேர்ந்து, நின்றே கால் வீங்கி, பிறகு கைக்கு வந்த மெஷின் அது. அதை விடுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே அக்கா எழுந்து போய்விடுவாள்.

“படுத்தே கெடந்தா ஒடம்பு இன்னும் தளந்துருமுங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொஞ்சமா மிதிங்க. அசதி வர்றதுக்கு முன்னாலயே எறங்கிருங்க. ஒடம்பு சூடாக மட்டும் விட்றாதீங்க, இந்த நோய்க்கு அது ஆகாது” என்றார் அந்தப் பெண்மணி. நின்ற இடத்திலேயே மிதிக்கிற பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி ஃபேனுக்கு அடியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வந்தேன். சிமெண்ட் ஷீட் கூரை, உச்சி வெயில், வீட்டுக்குள் அனல். ஃபேன் நின்றிருந்தது. அக்கா மிதித்துக்கொண்டிருந்தாள். நைட்டி நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஃபேனை யாருக்கா நிறுத்துனது?”

“காத்துல வேர்க்கவே மாட்டீங்குது கண்ணு. வேர்க்காம என்ன எக்ஸசைசு? வாரத்துல ஒரு நாளும் மிதிக்கல. மொத்தத்தையும் இன்னிக்கே முடிச்சுட்டேன்.”

சிரித்தாள். சைக்கிளிலிருந்து இறங்கிச் சுவரைப் பிடித்தாள்.

“கண்ணு, லைட்டப் போடு.”

வாசல் வழியாக வெயில் அவள் காலடி வரைக்கும் விழுந்து கிடந்தது. கறிப்பையைக் கீழே போட்டேனா, வைத்தேனா, தெரியவில்லை. “லைட்டுன்னு சொல்றன்ல” என்றாள் மறுபடியும். அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்து, “போச்சே, எம்புள்ளைக்குக் கண்ணு போச்சே” என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அழவில்லை. “ஊசில நூல் கோக்கோணுமே” என்று மட்டும் முணுமுணுத்தாள்.

பிசியோதெரபி பெண்மணிக்கு போன் போட்டேன். “ஃபேனப் போடுங்க. ஈரத்துண்டு சுத்துங்க, குளுந்த தண்ணி குடுங்க. சூட்டுல கண்ணு நரம்பு மங்கிருக்கும், சூடு எறங்குனா பெரும்பாலும் தெளிஞ்சுரும். தெளியலீன்னா உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருங்க” என்றார். துண்டை நனைத்து நனைத்துப் போட்டேன். அம்மா விசிறினார். வெகு நேரம் கழித்து அக்கா என் நெஞ்சைப் பார்த்தபடி சொன்னாள்:

“சட்டைப் பட்டனை மாத்திப் போட்டுட்டுத்தான் கறிக்கடைக்குப் போனயா?”

அம்மா ஓவென்று அழுதது அப்போதுதான்.

அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போனபோது அக்காவே ஒப்புக்கொண்டாள். “கம்பெனில தைக்காத பீஸ் தேங்கிப்போச்சுன்னா ஞாயித்துக்கெழம உக்காந்து தள்ளிருவமுங்க. அந்த நெனப்புலயே பண்ணிட்டேன்.”

“இது எண்ணிக்கைக்குக் கூலி குடுக்கற பீஸ் ரேட் இல்லீங்க, ஷிப்ட்டு. அன்னிக்கு வந்தாத்தான் அன்னிக்குக் கணக்கு” என்று சிரித்தார் அவர். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிலிருந்து காலைக் குளிர்ச்சியில், ஃபேனுக்கு அடியில், கொஞ்சமாகத்தான் மிதிக்கிறாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மதியத்தில் துணி நழுவுவது குறைந்தது. நோய் போகவில்லை. சில நாள் இப்போதும் வேலை விட்டு வந்ததும் சுருண்டு விடுகிறாள். ஆனால் மெஷின் இன்னும் அவளுடையதுதான்.

போன சனிக்கிழமை முழு ஷிப்ட் முடித்து வந்தவள் வாசற்படியிலேயே நின்று பக்கத்து வீட்டுக்காரியோடு கதையடித்துக்கொண்டிருந்தாள். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் தூக்கி வந்தார்.

“நாளெல்லாம் உக்காந்துட்டுத்தானே வாறேன்! செத்த நின்னுக்கறம்மா.”

அம்மா நாற்காலியைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார். நானும்தான்.