அங்கமுத்து கங்காணி வீட்டுப் பெரட்டு

செய்தி வந்தபோது நான் பீடோரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் மகளுக்குச் சடங்கு. தட்டில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த என்னை எதிர் ஒட்டுக்கடைக்காரர் வந்து கூப்பிட்டார், ஈப்போவிலிருந்து தொலைபேசி என்று. பேசியது எங்கள் பக்கத்து வீட்டு ஆ மோய். அவளுக்குத் தமிழ் வராது, எனக்குச் சீனம் வராது. எங்களுக்குள் எப்போதும் மலாய்தான். "சரசு, பாலேக் லா. அப்பா சூடா தாடா," என்றாள். வீட்டுக்கு வா, அப்பா போய்விட்டார். நான் "யாரு அப்பா?" என்று கேட்டேன். என் அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அவள் அழுததும்தான் புரிந்தது.

அவள் சொன்ன அப்பா என் மாமனார். கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு அவர் அங்கமுத்து கங்காணி. தோட்டம் கைமாறிய பிறகு ஈப்போ நகராண்மைக் கழகத்தில் அவரோடு தெருக்கூட்டியவர்களுக்கு அங்கமுத்தண்ணே. எனக்கு மாமா. பழைய தோட்டத்து ஆள்கள் இதைப் படித்தால், கங்காணியைப் பற்றி நேற்று வந்த மருமகள் நமக்கு என்ன சொல்வது என்று நினைக்கலாம். நீங்கள் பார்த்தது மரத்தடியில் நின்று அதட்டிய கங்காணி. நான் பார்த்தது ஐந்து கதவுள்ள வீட்டில் தனியாக உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட மனிதர். அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிட்டால் இப்போது வேறு ஆள் இல்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றபோது கூலிக்காரர்கள் குடியிருந்த லயங்களை இடித்தார்கள். எல்லாரும் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப, மாமா மட்டும் புது முதலாளியின் ஆளைப் பிடித்துக் கெஞ்சி, இடித்த பலகையையும் தகரத்தையும் லோரியில் ஏற்றிக்கொண்டு ஈப்போ வந்தார். நகருக்கு வெளியே, ஈயம் தோண்டிவிட்டுப்போன பழைய குட்டைக்குப் பக்கத்தில் கிடைத்த நிலத்தில் வீடு கட்டினார். காலையில் தெருக்கூட்டும் வேலை, மத்தியானம் குட்டையோரத்துக் கீரைத்தோட்டம், வெயில் தாழ்ந்ததும் சுத்தியல். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. கட்டி முடித்துப் பார்த்தால், அடப்பாவமே, அது வீடே இல்லை. லயம்! ஒரே வரிசையில் ஐந்து அறை, ஐந்து கதவு, முன்னால் நீள வாசல்.

ஊரே சிரித்தது. "லயத்துல இருந்தது பத்தலையாண்ணே? காசு போட்டு வேற கட்டணுமா?" என்று அவரோடு வேலை செய்தவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். மாமாவுக்குக் கோபம் வரவில்லை. "எனக்கொண்ணு, பெரியவனுக்கொண்ணு, மணியத்துக்கொண்ணு, பாக்கியத்துக்கொண்ணு, சமைக்கக் குசினி ஒண்ணு. கணக்கு சரிதானேலா?" என்றார். மாமியார் தோட்டத்திலேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவரும் கல்யாணம் ஆனாலும் ஒரு கூரையின்கீழ் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. வேறு ஆசை எதையும் நான் அவர் வாயால் கேட்டதில்லை.

லயத்தில் போலவே அறைக்கு அறை நடுச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நிற்கும். நான் இரண்டாவது மகன் மணியத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் அது எனக்குப் பெரிய தலைவலி. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் மூச்சு விட்டால்கூடக் கடைசி அறைக்குக் கேட்கும். "சுவத்தை மேல வரைக்கும் ஏத்தச் சொல்லுங்க, மானம் போகுது," என்று நான் என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். அவர் போய்க் கேட்டார். மாமா சுவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒருத்தர் இருமுனா இன்னொருத்தருக்குக் கேக்கணும்லா. அதுக்குத்தானே ஒரே வீட்டுல இருக்கிறது," என்றார். சுவர் அப்படியே நின்றது.

இன்னொரு கூத்தும் உண்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆள்கள் எல்லாரும் ஓரிடத்தில் கூடி நிற்பார்கள். கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டு மரம் சீவும் வெட்டுக்காட்டுக்குப் பிரிவார்கள். அதுதான் பெரட்டு. தோட்டம் போய், வேலை போய், கங்காணிப் பட்டமும் போன பிறகும் மாமா அதை விடவில்லை. காலையில் முகம் கழுவி, திருநீறு பூசி, வாசலில் நின்று மூன்று பிள்ளைகள் பெயரையும் வரிசையாகக் கூப்பிடுவார். "துரை! மணியம்! பாக்கியம்!" நான் வருவதற்குள் மூத்தவர் துரை சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்விட்டார், பாக்கியம் சிலிம் ரிவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். பதில் சொல்ல இருந்தது என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவரும் போர்வைக்குள் இருந்தபடியே "இருக்கேன்" என்பார். மற்ற இரண்டு பேருக்கும் நான் குசினியிலிருந்து கத்துவேன்: "சிங்கப்பூர்ல இருக்காரு! சிலிம் ரிவர்ல இருக்கு!"

"இப்ப என்னா வேலைக்காட்டுக்கா அனுப்பப் போறீங்க மாமா? பெரட்டு கலைஞ்சு ரொம்ப நாளாச்சு," என்று ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"வேலைக்கா கூப்புடுறேன்? யாரு எங்க இருக்காங்கன்னு தெரியாம ஒரு மனுசன் எப்படிம்மா காப்பி குடிக்கிறது?" என்றார். காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன்.

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். எழுபதுகளின் கடைசியில் ஒரு மழை நாளில் சிலிம் ரிவர் தாண்டி அந்த லோரி கவிழ்ந்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் என்னைக் கூட்டிப்போக அண்ணன் விடியலிலேயே டாக்சியோடு வந்துவிட்டார். என் பெட்டி வாசலில் இருந்தது. புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது? நியாயம்தானே. யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

அண்ணன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மாமா முகம் கழுவி வாசலுக்கு வந்தார். காரியம் முடியும்வரை அவர் பெரட்டுக் கூப்பிட்டிருக்கவில்லை. பெரட்டில் ஒரு சட்டம் உண்டு. செத்தவர் பெயரைக் கூப்பிடக் கூடாது. இவர் இன்றைக்கு மணியம் என்று கூப்பிட்டால் நான் தாங்க மாட்டேன், கூப்பிடாமல் தாண்டிப் போனாலும் தாங்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு குசினிக் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"துரை!" என்றார். கொஞ்சம் பொறுத்து, "சரசு!" என்றார்.

மருமகள் பெயரை அவர் அதுவரை பெரட்டில் கூப்பிட்டதே இல்லை. நான் கதவை விட்டு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். "சரசு!" மறுபடியும் அதே கங்காணிக் குரல். அதில் இரக்கமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ஆள் வந்ததா இல்லையா என்று கேட்கிற குரல்.

"இருக்கேன் மாமா," என்றேன்.

"பாக்கியம்!" என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நீ வரல?" என்றார். "பேரு கூப்புட்டுட்டாருண்ணே," என்றேன். அண்ணனும் தோட்டத்தில் பிறந்தவர்தான். பெட்டியை அவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு அந்த ஐந்து கதவு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மாமா தெருவேலையிலிருந்து ஓய்வு பெற்றும் கீரைத்தோட்டத்தை விடவில்லை. வாளியில் தண்ணீர் சுமந்து சுமந்து தோள் சாய்ந்துவிட்டது. காலி அறைகளை வாடகைக்கு விடச் சொல்லி வீடு தேடி வந்தவர்கள் உண்டு. "ஆளு இருக்கு," என்று திருப்பி அனுப்பிவிடுவார். வாரம் தவறாமல் அந்த அறைகளைக் கூட்டுவார், பாயை வெயிலில் போடுவார், மறுபடி சுருட்டி வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யாரும் வர மாட்டாங்க மாமா!" என்று கத்தியிருக்கிறேன். "வந்தா?" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

ஒரு தீபாவளிக்கு வந்தார்கள். பெரிய மச்சான் துரை குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்தும் பாக்கியம் பிள்ளைகளோடு சிலிம் ரிவரிலிருந்தும். எல்லாக் கதவும் திறந்திருந்தது. விடியலில் மாமா புதுவேட்டியோடு வாசலுக்கு வந்து, பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக் கூப்பிட்டார். பள்ளிக்கூடப் பழக்கத்தில் பாக்கியத்தின் மகள் "ஹாடிர்!" என்று மலாயில் கத்த, ஒரே சிரிப்பு. "அது என்னாலா அது? இருக்கேன்னு சொல்லு!" என்று மாமா அதட்டினார். ஒரு பெயருக்குக்கூட நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை; நீள வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். இரண்டு நாளில் எல்லாரும் போய்விட்டார்கள். அவர் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல் நான் தொழிற்சாலைக்குக் கிளம்பிவிட்டேன்.

பிறகு வந்த வருஷங்களில் அவர் இருமல் அதிகமாயிற்று. என் அறையில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் தும்மினால் அங்கிருந்து, "சுக்குத்தண்ணி குடிம்மா," என்று குரல் வரும். சுவரைத் தாண்டி அப்படி இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே காலம் போயிற்று. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை. குடும்பம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பீடோர் சடங்குக்குப் போகச் சொன்னதும் அவர்தான். "ஒத்தை அண்ணன், போய்ட்டு வாம்மா. ஒரு நாள்தானே," என்றார். அடுத்த நாள் காலையில் நடந்ததை ஆ மோய்தான் சொன்னாள். அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாளாம். மாமா வழக்கம்போல வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறார். அவளுக்கு அந்த வரிசையே மனப்பாடம். துரை என்றாராம். பிறகு சரசு. பதில் இல்லை. மறுபடி, சரசு. அதன் பிறகு சத்தமே இல்லை. காப்பி குடிக்க உள்ளே போயிருப்பார் என்று நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

"சாயா மாவு ஜாவாப், தாப்பி மாலு," என்றாள். நானே பதில் சொல்லலாம் என்று நினைத்தேன், வெட்கமாக இருந்தது என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சரசு பீடோரில் இருக்கு என்று சொல்ல அன்றைக்கு அந்த வீட்டில் ஓர் ஆள் இல்லாமல் போனதே என்று எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது.

காரியத்துக்கு எல்லாரும் வந்தார்கள். ஐந்து கதவும் மறுபடி திறந்தது. அவர் கூட்டி வைத்த அறைகளில், அவர் வெயிலில் போட்ட பாய்களில் படுத்தார்கள். பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்ததும் பெரிய மச்சான் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், குத்தலாகப் பேசத் தெரியாதவர். "இவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையா என்னா செய்யப்போறே சரசு? வித்துடலாம்லா. நீ பீடோருக்கு அண்ணங்கிட்ட போனா உனக்கும் துணை," என்றார்.

"என் பேரு இங்கதான் இருக்கு மச்சான். உங்களுக்கு அடுத்து, பாக்கியத்துக்கு முன்ன. நான் எங்க போறது?" என்றேன்.

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சான் எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தார். "சரி. இருக்கட்டும்," என்றார். மாலையில் எல்லாக் கார்களும் கிளம்பின.

அவருடைய தடியும் மூக்குக்கண்ணாடியும் இங்கேதான் இருக்கின்றன. அவற்றைப் பெரிதாக நினைக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, இரண்டு பெயர்களுக்கு நடுவில் அவர் எனக்குக் கொடுத்த இடம். வேறு யாரும் எனக்கு அப்படி ஓர் இடம் கொடுத்ததில்லை.

எல்லாரும் போன மறுநாள் காலையில் நான்தான் முகம் கழுவி, திருநீறு பூசி, வாசலில் போய் நின்றேன். குட்டைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆ மோய் கோழித் தீனியோடு அப்படியே நின்றுவிட்டாள். "துரை!" என்று கூப்பிட்டேன். "சிங்கப்பூர்ல இருக்காரு," என்று நானே சொன்னேன். அடுத்த பெயரை நான் கூப்பிடவில்லை. அதை அவர் ஏற்கெனவே கூப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தார், இரண்டு முறை.

"இருக்கேன் மாமா," என்றேன்.